கிராஃபீன் ஆக்சைடு ஒளியை அணைத்து டிஎன்ஏவைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: இருட்டறை. நீல ஒளி விழும் சின்னக் குப்பி. உள்ளே இருக்கும் திரவம் பச்சையாக ஒளிர்கிறது.]

இந்தக் குப்பியில் இருப்பது உப்புக் கரைசலும் ஒற்றை இழை டிஎன்ஏவும்தான். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஃபுளோரசீன் சாயம் ஒட்டியிருக்கிறது, நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். சரி, இதில் பழுப்பு நிறக் கரைசல் ஒரு சொட்டு விடுவோம். பாருங்கள், சில நிமிடங்களில் பச்சை மங்கி, கிட்டத்தட்ட அணைந்தே போகிறது.

சாயம் கெட்டுப்போகவில்லை, எங்கேயும் போகவும் இல்லை. ஆனால் நீல ஒளியிலிருந்து அது வாங்கிய ஆற்றலைப் பச்சை ஒளியாக வெளியே விடுவதற்குள், பக்கத்தில் இருக்கும் ஒன்று பறித்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கிராஃபீன் ஆக்சைடு.

[திரையில்: பென்சில் முனை. அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.]

பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்டைக் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எல்லாம் போட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் அடுக்குகள் தனித்தனித் தாளாகப் பிரிந்து வரும். 1958-இல் ஹம்மர்ஸ் என்ற வேதியியலாளர் வெளியிட்ட செய்முறையைக் கொஞ்சம் மாற்றித்தான் இன்றும் பல ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள். ஒரு தாளின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர். ஆக்சிஜன் ஏறியதால் தண்ணீரில் நன்றாகக் கலக்கும், ஆனாலும் தாளில் ஆங்காங்கே பழைய கார்பன் அறுகோணங்கள் அப்படியே மிச்சம் இருக்கும். நமக்கு அந்த மிச்சம்தான் முக்கியம்.

ஏனென்றால் டிஎன்ஏ இழையில் வரிசையாக இருக்கும் காரங்கள் (base) என்ற மூலக்கூறுப் பகுதிகளும் வளைய வடிவம்தான். ஒற்றை இழையில் அவை வெளியே தெரியும்படி இருப்பதால், தட்டின் மேல் தட்டு அடுக்குவது போல அறுகோணங்களின் மேல் போய்ப் படிந்துகொள்ளும். இதில் உப்புக்கும் வேலை இருக்கிறது. டிஎன்ஏவுக்கும் தாளுக்கும் எதிர்மின்சுமை, இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், கரைசலில் சோடியமும் மெக்னீசியமும் இருந்தால்தான் அந்தத் தள்ளல் தணியும். இழை படிந்ததும் நுனியில் இருக்கும் சாயமும் தாளுக்கு வெகு அருகில் வந்துவிடும், ஒளி அணைந்துவிடும்.

இந்த ஆற்றல் பறிப்பு முழுக்க முழுக்கத் தூரத்தைப் பொறுத்தது. இரண்டு சாய மூலக்கூறுகளுக்கு இடையே என்றால், தூரம் இரண்டு மடங்கானால் பறிக்கும் வேகம் 64-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். கிராஃபீன் போன்ற தாளுக்கு அது 16-இல் ஒரு பங்குதான், அதனால் தாளின் கை இன்னும் நீளம்.

[திரையில்: குப்பியில் இன்னொரு சொட்டு. பச்சை மெல்லத் திரும்புகிறது.]

இப்போது நாம் தேடும் டிஎன்ஏவைச் சேர்க்கிறோம், அதாவது நம் இழைக்குச் சரியாகப் பொருந்தும் ஜோடி. இரண்டும் சேர்ந்து இரட்டைச் சுருளானதும் காரங்கள் உள்பக்கம் திரும்பிவிடும், தாளைப் பிடித்துக்கொள்ள எதுவும் வெளியே இருக்காது. இழை கழன்று விலகும், பச்சை திரும்பும். எவ்வளவு பச்சை திரும்புகிறதோ அதை வைத்து எவ்வளவு டிஎன்ஏ இருந்தது என்று கணக்குப் போடலாம். 2009-இல் சீனாவின் ஃபூஜோ பல்கலைக்கழகக் குழு இதைச் செய்து காட்டியது. அதே ஆய்வில் த்ராம்பின் என்ற புரதத்தையும் பிடித்தார்கள். அதற்கு ஆப்டமர் வேண்டும், அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த டிஎன்ஏ இழை. மற்றபடி வேலை செய்யும் விதம் இதேதான்.

அப்புறம் வருகிறது உண்மையான சோதனை. சுத்தமான பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலில், அருமையாக வேலை செய்யும் இந்த சென்சாரை ரத்த சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவத்தில், போட்டுப் பாருங்கள், தேடும் டிஎன்ஏ ஒரு துளிகூட இல்லாமலேயே பச்சை ஒளி ஏறத் தொடங்கலாம்! காரணம், சீரத்தில் ஆல்புமின் போன்ற புரதங்கள் ஏராளம், அவையும் தாளில் ஒட்டக்கூடியவை, முண்டியடித்துக்கொண்டு நம் இழையை உதறித் தள்ளிவிடும். எனவே ஒரு ஆய்வுக் கட்டுரை பஃபரில் எடுத்த எண்களை மட்டும் காட்டினால் எனக்குத் திருப்தி வராது. சீரத்தில் என்ன ஆனது, பொருந்தாத டிஎன்ஏவைப் போட்டால் என்ன ஆனது, இந்த இரண்டையும்தான் முதலில் தேடுவேன், நீங்களும் தேடுங்கள். இழையின் ஒரு முனையைத் தாளோடு வேதிப் பிணைப்பால் கட்டிவைத்தால் புரதங்களால் அதை உதற முடியாது. ஆனால் அப்போது ஜோடி சேர்ந்த பிறகும் சாயம் தாளை விட்டு அதிகம் விலகாது, திரும்பும் ஒளியும் குறைவுதான். நோயாளிகளின் மாதிரியில் பயன்பட வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

[திரையில்: தாள் உருண்டு குழாயாகிறது.]

சாயமே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய்கள் தாமாகவே அண்மை அகச்சிவப்பில், அதாவது சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஒளிரும் என்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் காட்டினார்கள். சாதாரணச் சாயங்கள் தொடர்ந்து ஒளி பட்டால் வெளுத்துப்போகும், இவை அப்படி வெளுப்பதில்லை. குழாயைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏவைச் சுற்றினால், நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் வந்து சேரும்போது ஒளி கூடும், அதை வைத்து மூளைத் திசுவில் டோபமைன் வெளியாவதையே படம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தனிக் கேமரா வேண்டும். நம் போனில் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு 1100 நானோமீட்டருக்கு மேல் அலைநீளம் உள்ள அகச்சிவப்பு ஒளி எதுவும் தெரியாது, இண்டியம் கேலியம் ஆர்சனைடால் செய்த சென்சார்தான் பார்க்கும், அதன் விலையோ மிக அதிகம். இப்போதைக்கு இந்தக் குழாய்கள் பெரிய ஆய்வகங்களைத் தாண்டி வராததற்கு அதுவும் ஒரு காரணம்.