காட்டன் வீட்டுக் கதையும் நம் வாய்க்காலும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய விவசாயிகள் சங்கத்தாரே, நடவு வேலையை முடித்துக்கொண்டு நேரே பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் குடும்பம், நட்பு இரண்டையும் பேசச் சொன்னார்கள். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். அப்படி வாழ்ந்தவர் அவர்.

1803-இல் பிறந்தார். பதினொரு ஆண்பிள்ளைகளில் பத்தாவது. 1836-இல் முக்கொம்பு மேலணை வேலை தொடங்கியபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1841-இல் டாஸ்மேனியாவில் எலிசபெத் லியர்மந்தை மணந்தார். மகளுக்கும் எலிசபெத் என்றே பெயர். 1899-இல் அப்பா மறைந்ததும், மறு ஆண்டே அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டவர் அந்த மகள்தான்.

அவருடைய முதல் நட்பு நம் கல்லணையோடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலணை கட்ட வேண்டிய கொள்ளிடத்தில் எங்கே தோண்டினாலும் மணல். பாறை தட்டினால்தானே அணை நிற்கும்? இங்கே பாறைக்கு எங்கே போவது? காட்டன் கல்லணையின் அடியைப் பார்த்தார். நம் முன்னோர் மணலிலே பெருங்கற்களைப் போட்டிருக்கிறார்கள். அவை அமிழ்ந்தால் அதன்மேல் இன்னும் கல், இடையே களிமண். அவ்வளவுதான்! அந்த அணை நூற்றாண்டு நூற்றாண்டாக நிற்கிறது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இவர்களிடம்தான் கற்றோம் என்று வெளிப்படையாக எழுதினாரே, அந்த மனசுக்குத்தான் நாம் மாலை போடுகிறோம்.

கோதாவரியில் அணை கட்டியபோது அவருக்கு வலக்கையாக இருந்தவர் நம் நாட்டுப் பொறியாளர் வீணம் வீரண்ணா. இங்கிலாந்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் காட்டனுக்குக் கடிதம் எழுதி, இந்தியப் பாசனத்துக்காக வாதாடினார். முதுமையில் டார்க்கிங் ஊரில் காட்டன் மண்ணை ஆழமாகக் கொத்திப் பயிரிட்டுச் சோதித்துப் பார்த்தார்.

சரி, நம் வாய்க்காலை யார் ஆழமாக்குவது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், மண் மேடிட்ட வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வராது. தூர்வாரும் பணத்தை ஆற்றில்தான் போடுகிறோம், அதனால்தான் கேட்கிறேன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! வேலைக்கு முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு. இரண்டையும் ஊர் நடுவே பலகையில் எழுதி வையுங்கள். அளக்கும்போது விவசாயி ஒருவர் கூட நிற்கட்டும். தண்ணீர் திறந்த பிறகு அளந்து பயனில்லை.

இதைக் கேட்கும் மனு மேடைக்கு இடப்புற மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.