சர்க்கரையை யாருக்காக விட்டீர்கள்?

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

பொருளுள்ள வாழ்வு தனக்கென வாழ்வதிலா, பிறர்க்கென வாழ்வதிலா என்பது கேள்வி. பிறர்க்கென முயலுநர் என்ற புறநானூற்று வரியை எங்கள் அணித்தலைவர் முன்பே முழங்கிவிட்டார். பட்டிமன்றம் உள்ளவரை அந்த வரிக்கு ஓய்வு கிடையாது. கூடவே பிரெஞ்சு நாட்டுத் தத்துவஞானி சிமோன் வெய்லையும் அவர் அவைக்கு அழைத்து வந்தார். 1909-இல் பாரிசில் பிறந்த அந்த அம்மையார், முதல் உலகப் போரின்போது, போர்முனையில் இருக்கும் வீரர்களுக்குச் சர்க்கரை கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டு, சின்னஞ்சிறு வயதிலேயே தனக்கும் சர்க்கரை வேண்டாம் என்று மறுத்தாராம்.

உடனே எதிரணி நண்பர் எழுந்து, "சர்க்கரையை விட்டவரெல்லாம் தத்துவஞானி என்றால், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் கேட்கும் கூட்டம் முழுவதும் தத்துவஞானிகள்தாம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல நகைச்சுவையை வீணாக்கக் கூடாது.

ஆனால் ஐயா, அந்தக் கூட்டம் யாருக்காகச் சர்க்கரையை விட்டது? இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மருத்துவர் போட்ட சத்தத்துக்காக விட்டது. அதே கூட்டம் சனிக்கிழமை கல்யாண விருந்தில், மனைவி கைகழுவப் போன நேரம் பார்த்து, குலாப் ஜாமூனை இரண்டாக உள்ளே தள்ளுகிறது. தனக்கென வாழ்வதே பொருளுள்ள வாழ்வு என்று வாதாடுகிறார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அந்தக் குழந்தையோ முகமே அறியாத ஒரு வீரனுக்காக விட்டது.

இருந்தாலும் நண்பருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் அணிக்கு வேண்டிய சாட்சி அவருடைய கடைக்குள்ளேயே நிற்கிறார். நண்பர் உள்ளே நுழைந்து நாற்காலியை இழுக்கிறார். வாயைத் திறக்குமுன்பே கல்லாவில் நிற்பவர் பின்பக்கம் திரும்பி, "தே ஓ கோசோங் ஒண்ணு" என்று குரல் கொடுக்கிறார். ஒரு நாள் நண்பருக்கு இனிப்பான பால் தேநீர்மேல் ஆசை வந்து, "தே தாரேக் போடுங்க" என்று கேட்டால் அவர் போடுவாரா? "அண்ணே, கால் புண்ணு ஆறலன்னு போன வாரம் சொன்னீங்களே" என்கிறார். ஒரு ரிங்கிட் கூடுதல் வியாபாரத்தை விட்டுவிட்டு, வாடிக்கையாளரின் காலைப் பார்க்கிறார் பாருங்கள், சிமோன் வெய்ல் தேடிய மனிதர் அவர்தாம்.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. போரில் குண்டடிபட்டு உடல் செயலிழந்து, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஜோ பூஸ்கே என்ற கவிஞருக்கு 1942-இல் எழுதிய கடிதத்தில், ஒருவரை முழுமையாகக் கவனிப்பதே ஈகையில் மிக அரியதும் மிகத் தூயதும் என்று அந்த அம்மையாரே எழுதுகிறார். பள்ளியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் பாரிசில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஓயாத தலைவலிக்காரர், கைவேகமும் கிடையாது. அவரை உலைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். உலோகச் சுருளை உள்ளே வைக்க வேண்டும், வெளியே எடுக்க வேண்டும். நெருப்பு நீண்டு வந்து கையைத் தீண்டுகிறது. வலியில் முகம் சுருங்கும் ஒவ்வொரு முறையும், எதிரே பற்றவைப்பு வேலை செய்யும் தொழிலாளி, நீலக் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துச் சோகமாக ஒரு புன்னகை செய்கிறார். அவ்வளவுதான் ஐயா! வேலையைப் பகிர்ந்துகொண்டாரா? இல்லை. முதலாளியிடம் பரிந்து பேசினாரா? அதுவும் இல்லை. தன் இடத்தை விட்டு அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. அந்தப் புன்னகை தமக்குச் செய்த நன்மையைச் சொல்லி முடியாது என்று தோழி ஒருவருக்குக் கடிதத்தில் எழுதினார் இவர்.

முப்பத்துநான்கு வயதில், 1943-இல், காசநோயோடு இங்கிலாந்து மருத்துவமனையில் கிடந்தபோது, எதிரியின் பிடியிலிருந்த தம் நாட்டு மக்களுக்குக் கிடைக்கும் உணவுக்கு மேல் உண்ண மாட்டேன் என்று மறுத்து அவர் இறந்தாரே, அதுவா பொருளுள்ள வாழ்வு என்று எதிரணி கேட்கும். அந்த முடிவை நானும் ஏற்கவில்லை. கீழே வாழையிலை போட்டாகிவிட்டது, யாரும் அஞ்ச வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது அவர் வியந்த பழைய ஐரோப்பியக் கதை ஒன்றை. பசியெல்லாம் தீர்க்கும் அதிசயமான புனிதக் கிண்ணத்தைக் காத்துக்கொண்டிருக்கும் அரசன் காயத்தால் நகர முடியாமல் கிடக்கிறான், "உமக்கு என்ன செய்கிறது?" என்று அவனை முதலில் கேட்பவனுக்கே கிண்ணம் உரியது.

குவாலா சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் என் பாட்டி பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். ஒரு விடியற்காலை, தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காய்ச்சலோடு நின்றார். பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பக்கத்து நிரையில், அதாவது அடுத்த மரவரிசையில், வெட்டும் பெண்மணி விளக்கைத் தூக்கி முகத்தைப் பார்த்து, "என்னாடி செய்யுது ஒனக்கு?" என்றாராம். பிறகு தம் மரங்களை அப்படியே விட்டுவிட்டு, பாட்டியின் மரங்களை முதலில் வெட்டி முடித்தார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தம் நிரைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அன்றைக்கு அவர் வாளியில் எவ்வளவு பால் இருந்திருக்கும்?

தோட்டம் கைமாறியது, சனம் சிதறியது. அடுக்குமாடி வீட்டின் சிறிய அறையில் படுத்திருந்த பாட்டி, பேரப்பிள்ளைகள் எங்கள் பெயரையெல்லாம் மறந்த பின்னும், வாசலில் காலடி கேட்டால் அந்தப் பெண்மணியின் பெயரைச் சொல்லி, "அவளா வந்திருக்கா?" என்று கேட்பார்.

எதிரணி நண்பரே, உங்கள் தாயார் ஈப்போவில் தனியாக இருக்கிறார் என்று நீங்களே சொன்னீர்கள். இன்றிரவு தொலைபேசியில் "சாப்டீங்களாம்மா" என்று கேட்டு உடனே வைத்துவிடாமல், முழங்கால் வலியைப் பற்றி அவர் நூறாவது முறை சொல்வதைக் கொஞ்சம் இருந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.