ஷூமேக்கர் விட்டுக்கொடுத்த இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

குடியை விட்டவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது கதை பெரும்பாலும் ஒரே மாதிரி போகும். சீரழிந்து கிடந்தேன், ஜெபக்கூட்டத்துக்கு வந்தேன், அன்றோடு பாட்டிலைத் தொடவில்லை. அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் போதகருக்கு என்ன வேலை இருக்கிறது? பிரசங்கம் செய்ததோடு சரி. நான் இன்று பேச வந்திருப்பது அதற்கு மேலும் வேலை செய்த ஒருவரைப் பற்றி.

அவர் பெயர் சாமுவேல் ஷூமேக்கர். 1893இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையின் குருவானவர். அவர் குடித்துத் திருந்தியவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1925இல் நியூயார்க் கால்வரி ஆலயத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. கிராமர்சி பூங்காவை ஒட்டிய வசதியான பகுதி அது. அடுத்த ஆண்டே அந்தச் சபை 23ஆம் தெருவில் கால்வரி மிஷன் என்ற இல்லத்தைத் திறந்தது. போக்கிடம் இல்லாதவர்களுக்கு அங்கே சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. கூடவே கூட்டமும் நடந்தது. வந்தவர்களில் குடிகாரர்கள் ஏராளம்.

1918இல் சீனாவின் பீகிங்கில் ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகரைச் சந்தித்தது ஷூமேக்கரின் வாழ்க்கையைத் திருப்பியிருந்தது. புக்மனின் இயக்கம் பின்னால் ஆக்ஸ்போர்டு குழு என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் அதன் முக்கியத் தலைவர் ஷூமேக்கர்தான். அந்தக் குழுவின் வழக்கம் எளிமையானது. உன்னை நீயே சோதித்துப் பார். கண்ட குறையை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல். யாருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் போய் ஈடு செய். பிறகு அடுத்தவனுக்கு உதவப் போ.

1934 நவம்பரில் எபி தாச்சர் என்பவர் பழைய நண்பரான பில் வில்சனைப் பார்க்கப் போனார். இருவரும் சேர்ந்து குடித்தவர்கள். எபி இப்போது குடிப்பதில்லை, கால்வரி மிஷனில் தங்கியிருந்தார். பங்குச்சந்தையில் வேலை பார்த்துக் குடியால் எல்லாம் இழந்திருந்த பில், சில நாளில் மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அதுவும் குடித்துவிட்டுத்தான் வந்தார். அங்கே முழங்காலில் நின்றார். டிசம்பர் 11ஆம் தேதி டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை.

மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதை யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். நாள்தவறாமல் அதிகமாகக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் நடுங்கும். வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஜெபித்தால் போதும் என்று ஒருவரை அறைக்குள் பூட்டி வைப்பது விசுவாசம் ஆகாது, ஆபத்து. பில் அந்த மருத்துவமனைப் படுக்கையில் கண்டதாகச் சொன்ன பேரொளியைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. சிகிச்சைக்குக் கொடுத்த பெல்லடோனா என்ற, பிரமை உண்டாக்கக்கூடிய மூலிகை மருந்தின் வேலை அது என்பாரும் உண்டு. இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் வந்த மாதங்கள்.

வெளியே வந்த பில், ஷூமேக்கரின் ஆலயத்துக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டே குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசினார். ஒருவர்கூடத் தேறவில்லை. டவுன்ஸ் மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த்தான் காரணத்தைச் சொன்னார்: பிரசங்கம் செய்வதை நிறுத்து, முதலில் இந்த நோய் எவ்வளவு மோசமானது என்று சொல். 1935 மே மாதம் வேலை விஷயமாக ஓஹியோவின் ஆக்ரன் நகருக்குப் போன பில், போன காரியம் கெட்டு, விடுதியில் தனியாக நின்றார். பக்கத்தில் மதுக்கூடம். குடிக்கத் தவித்தார். தொலைபேசியை எடுத்து வால்டர் டங்க்ஸ் என்ற உள்ளூர்ப் போதகரைப் பிடித்தார். அந்த அழைப்பு வழியே மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்று வந்த அந்த மருத்துவர் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்தார். குடிகாரன் குடிகாரனோடு பேசியதால் வந்த வித்தியாசம் அது. அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10தான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க இவர்கள் இருவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற அமைப்பின் பிறந்தநாள்.

இதில் ஷூமேக்கர் எங்கே என்று கேட்பீர்கள். கொஞ்சம் சங்கடமான இடத்தில் இருந்தார். குடிகாரர்களுக்கென்று பில் தன் வீட்டில் தனிக் கூட்டம் நடத்தியது கால்வரியில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. மிஷனில் தங்கியிருந்தவர்களை அங்கே போகக் கூடாது என்று தடுத்தார்கள். 1937இல் பில்லும் மனைவியும் ஆக்ஸ்போர்டு குழுவை விட்டே விலகினார்கள். பெரிய மனிதர்களை மனம் மாற்றி அவர்கள் வழியாக உலகத்தை மாற்றலாம் என்று நினைத்த இயக்கத்துக்கு, கிளாஸை மட்டும் கீழே வைக்கத் தெரிந்துகொள்ள வந்த ஆள் சின்னவனாகத் தெரிந்திருப்பான். எந்தச் சபைக்கும் வரக்கூடிய வியாதிதான் இது.

1941இல் ஷூமேக்கரே புக்மனை விட்டுப் பிரிந்தார். பின்னால் பில்லுக்கு எழுதியபோது, உங்களைத் தனிவழி போகிறவராகப் பார்க்கும்படி எங்களைப் பழக்கியிருந்தார்கள், அது வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும் என்ற பொருளில் எழுதினார். ஒரு குருவானவர் அப்படி எழுதுவது எளிதில்லை. பில்லும் கணக்குத் தீர்க்கவில்லை. தன்னைச் சோதிப்பது, குறையை ஒப்புக்கொள்வது, ஈடு செய்வது, பிறருக்கு உதவுவது ஆகியவை ஆக்ஸ்போர்டு குழுவிடமிருந்தும் ஷூமேக்கரிடமிருந்தும்தான் தங்களுக்கு வந்தன என்று எழுதியே வைத்தார்.

உனக்குத் தெரிந்த அளவு கடவுளிடம், உனக்குத் தெரிந்த அளவு உன்னை ஒப்புக்கொடு, போதும் என்பது ஷூமேக்கர் சொல்லிவந்த பாடம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்து 1939இல் புத்தகமாக வந்த பன்னிரண்டு படிகளில் ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்’ என்று இருப்பதைப் படித்தால் அந்தப் பாடம் நினைவுக்கு வராமல் போகாது. கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் வற்புறுத்தியதால்தான் அந்தச் சொற்கள் சேர்ந்தன என்பதும் உண்மை. நாத்திகரும் குருவானவரும் ஒரே வாசலைத் திறந்துவிட்டார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு, பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இந்தப் படிகளை ஒட்டிய சிகிச்சையில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 42 பேர் முழுமையாகக் குடியை விட்டிருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். அப்படியென்றால் மீதி 58 பேர்? ஆம், பலர் மறுபடியும் குடிக்கிறார்கள். பில்லுக்கு வழிகாட்டிய எபியே பல தடவை வழுக்கி விழுந்தார். விழுந்தவரை விசுவாசம் குறைந்தவர் என்று சபையில் முத்திரை குத்தினால் அவர் அடுத்த தடவை வரமாட்டார்.

1955 ஜூலையில் செயின்ட் லூயிஸில் ஏ.ஏ.யின் இருபதாம் ஆண்டு மாநாடு நடந்தது. ஷூமேக்கர் மேடையேறினார். அப்போது அவர் பிட்ஸ்பர்க் ஆலயத்தில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எடுத்துப் பேசிய தலைப்பு, ஏ.ஏ.யிடமிருந்து திருச்சபை என்ன கற்க வேண்டும் என்பது. தன் தேவை இன்னதென்று தெளிவாக உணராத எவனும் எங்கும் போய்ச் சேரமாட்டான், மனிதன் மாறுவது ஒரு கூட்டுறவுக்குள்தான், ஒருவரை ஒருவர் நேரில் அணுகித்தான் ஆக வேண்டும், உள்ளம் உண்மையாகவே மாற வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கேட்கவேண்டிய காதுகள் பெரும்பாலும் ஆலயங்களில்தான் இருந்தன.

1963இல் அவர் காலமானார். நன்றி, வணக்கம்.