செவ்வாய் கொடுத்த தலைவலி

நண்பர்களே, பூமியைச் சுற்றித்தான் எல்லாம் சுழல்கிறது என்று நம்பிய பழைய வானியலாளர்களைப் பற்றி நாம் கொஞ்சம் இளக்காரமாகவே பேசுகிறோம். இன்று அவர்கள் பக்கம் நின்று வாதாடப்போகிறேன்.

அவர்களிடம் தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்தான். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இருக்க, ஐந்து ஒளிப்புள்ளிகள் மட்டும் அவற்றின் நடுவே ஊர்ந்தன: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. பாபிலோனியர்கள் இதைக் களிமண் பலகைகளில் தலைமுறை தலைமுறையாகக் குறித்தார்கள். வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்கு வரும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். அது ஏன் அப்படி வருகிறது என்பதற்குப் படம் போட்டு விளக்க முயன்றவர்கள் கிரேக்கர்கள்.

அவர்களைப் படாதபாடு படுத்தியது செவ்வாய். கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை நிற்கும், இரண்டு மாதத்துக்கு மேல் பின்னோக்கி நகரும், அப்புறம் பழையபடி முன்னே போகும். உண்மையில் செவ்வாய் திரும்புவதே இல்லை. வேகமான ரயிலில் இருந்துகொண்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலை முந்தும்போது அது பின்னே போவதுபோல் தெரியுமல்லவா? பூமி செவ்வாயை முந்துகிறது, அவ்வளவுதான்.

சரி, இது யாருக்குமே தோன்றவில்லையா? கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். ஆனால் ஒரு வலுவான ஆட்சேபம் இருந்தது. பூமி நகர்கிறது என்றால் நாம் பார்க்கும் கோணம் மாறும். விண்மீன்கள் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டும். யார் கண்ணுக்கும் அப்படித் தெரியவில்லை. விண்மீன்கள் அளவிட முடியாத தொலைவில் இருக்கின்றன என்றார் அரிஸ்டார்க்கஸ். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இடமாற்றத்தை ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் அளந்து காட்டியது 1838இல்! அதுவும் ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைவு. கண்ணால் காணாததை நம்ப மறுத்தவர்களை மூடர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனவே கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி பூமியை நடுவிலேயே விட்டு, பெரிய வட்டத்தின் மேல் சிறு வட்டம் ஏற்றிச் செவ்வாயின் பின்னகர்வைக் கணக்கில் கொண்டுவந்தார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்தக் கணக்கு ஓடியது. 1543இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்தும் வட்டங்களைக் கைவிடவில்லை. சிறு வட்டங்கள் அவர் நூலிலும் உண்டு. பலர் இதைச் சொல்வதில்லை.

வட்டத்தை உடைத்தவர் கெப்ளர். டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி வெறும் கண்ணால் எடுத்த அளவீடுகளோடு செவ்வாயின் பாதையைப் பொருத்திப் பார்த்தார். எவ்வளவோ முயன்றும் 8 கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குதான் ஒரு கலை) இடித்தது. முழு நிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு. வேறொருவர் என்றால் அளந்ததில் பிழை என்று விட்டிருப்பார். டைக்கோவின் கண்ணை கெப்ளர் நம்பினார். வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 1609இல் நீள்வட்டத்தை வெளியிட்டார். அந்த டைக்கோவோ, விண்மீன்களின் இடமாற்றத்தைத் தேடிக் காணாமல், பூமி அசையாது என்றே 1601இல் இறக்கும்வரை சொல்லிவந்தவர்.