சுவர் இல்லாத சித்திரம்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்ட அண்ணாச்சி அவர்களே, சால்வை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகத் தோழர்களே, வணக்கம்.

பக்க அமைப்பைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: ஓரம், இடைவெளி, வரி முறிப்பு. சுவரை வைத்துத்தான் சித்திரம். பக்கத்துக்குச் சுவர், ஓரமும் வரியின் நீளமும்தான். அதை முடிவு செய்த பிறகே எழுத்தைக் கொட்ட வேண்டும். நம் ஆட்களோ தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் மச்சினன் மகள் கல்யாணப் பத்திரிகை அப்படித்தான் உருவானது. அச்சகத்துப் பையன் நல்லவன், வேகமானவன். இடது பக்கம் மணமகன், வலது பக்கம் மணமகள், இரண்டுக்கும் குறுகலான கட்டம். மச்சினன் சும்மா இருப்பானா? "எழுத்தைப் பெரிசாக்குப்பா" என்றான். பையனும் ஆக்கினான். ஐந்நூறு பத்திரிகை வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் இந்தப் பக்கமும் ‘மணமக’, அந்தப் பக்கமும் ‘மணமக’. கீழ்வரியில் இங்கே ஒரு ‘ன்’, அங்கே ஒரு ‘ள்’, அநாதையாக. பெண்ணின் அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இதில் யார்டா மாப்பிள்ளை?" என்றாரே பார்க்கலாம்! சாப்பாட்டுப் பந்தி வரை அதே பேச்சு.

நான் தொழில் பழகிய அச்சகத்தில் இது நடக்காது. ஈய எழுத்துகளை வரியாக அடுக்கும் கைச்சட்டமான ஸ்டிக்கில் வரி நிறைந்து கடைசி ‘ன்’ வெளியே நின்றால், அச்சுக்கோக்கும் கம்போசிட்டர் அந்த வரியின் இடைவெளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய ஸ்பேஸ் போட்டு அதை உள்ளே இழுப்பார். தமிழில் சொல்லை உடைக்க ஹைஃபன் வேண்டாம், சரி. அதற்காக ஒற்றெழுத்தை வரியின் தலையில் உட்கார வைப்பதா? ஒற்றெழுத்தில் தமிழ்ச்சொல்லே தொடங்காதே!

அமெரிக்காவில் டொனால்ட் குனுத் என்ற கணினி அறிவியல் பேராசிரியர். 1977இல் தன் நூலின் புரூஃப் அவலட்சணமாக வந்ததைப் பார்த்து, தானே அச்சுக்கோக்கும் மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. டெக் ஒவ்வொரு வரியாக முடித்துக்கொண்டு போகாது. முழுப் பத்தியையும் பார்த்து எங்கெங்கே முறிப்பது என்று கணக்குப் போடும். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒற்றெழுத்து வரித்தலையில் வரக் கூடாது என்ற விதியைத் தமிழுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோரும் சேர்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் முதலில் வர வேண்டும். குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பக்கம் அது.

மணி அடித்துவிட்டார்கள். இடைவெளியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம். வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் காபிக்குப் போங்கள்.