தங்கம் தேடி வந்தவர்களின் தெருக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிற நம்மவர்கள் கோல்டன் கேட் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. என்னைக் கேட்டால், கிளே தெருவும் சான்சம் தெருவும் சந்திக்கிற முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள் என்பேன். சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், ஒரு நினைவுத் தகடு, அவ்வளவுதான். ஆனால் 1978இல் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கப்பலின் அடிப்பாகம் தட்டுப்பட்டது. நயாண்டிக் என்று பெயர்.

அன்றைக்கு மான்ட்கோமரி தெரு வரைக்கும் கடல். 1849இல் நயாண்டிக் வந்து நின்றதும் பயணிகள் தங்கம் தேடிக் கிளம்பினார்கள். பின்னாலேயே மாலுமிகளும் கம்பி நீட்டிவிட்டார்கள். இப்படி ஆளில்லாமல் நூற்றுக்கணக்கான கப்பல்கள். ஊரிலோ தங்க இடமில்லை, சரக்கு வைக்க இடமில்லை. நயாண்டிக்கைக் கரைக்கு இழுத்து, மேலே கூரை போட்டுக் கிடங்காக்கினார்கள். 1851 தீ விபத்தில் அது எரிந்தது. எஞ்சியதோடு சேர்த்துக் கடலைத் தூர்த்து ஊரை நீட்டிக்கொண்டார்கள்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் போர்ட்ஸ்மவுத் சதுக்கம். இப்போது சைனாடவுன் பெரியவர்கள் சீட்டாடுகிற இடம். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் உள்பகுதியில், கொலோமா என்ற இடத்தில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கம் கண்டார். மே மாதம் சாம் பிரன்னன் என்ற வியாபாரி, புட்டியில் தங்கத் தூளை வைத்துக்கொண்டு, “தங்கம், தங்கம்” என்று கூவியபடி இந்த ஊர்த் தெருக்களில் நடந்தார். மண்வெட்டி, சல்லடைகளைக் கடையில் வாங்கி நிரப்பிவிட்டுத்தான் கூவினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்!

ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்த ஊர், 1849 முடிவதற்குள் 25,000 பேரைத் தாண்டப் பார்த்தது. சிலி, பெரு, மெக்சிகோ, சீனா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பல திசைகளிலிருந்தும் வந்தார்கள். விசா கிடையாது. கப்பல் கட்டணம் இருந்தால் போதும். அந்த மண்ணின் பூர்வகுடிகளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாநில அரசே பணம் கொடுத்து ஆயுதப் படைகளை அவர்கள் மீது ஏவியது.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று. தங்கம் கிடைத்த அன்று கலிபோர்னியா சட்டப்படி மெக்சிகோவின் பகுதி. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 2 அன்று, அதை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1850இல் ‘அந்நியச் சுரங்கக்காரர் வரி’ வந்தது: மாதம் 20 டாலர். சோனோராவிலிருந்து வந்த மெக்சிகோக்காரர் அந்நியர். கப்பலேறி நேற்று வந்த நியூயார்க்காரர் உள்ளூர்க்காரர். கட்ட முடியாமல் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். மறு வருஷமே அதை நீக்கினாலும், 1852இல் குறைந்த தொகையில் திரும்பவும் போட்டார்கள். இந்த முறை பாரம் பெரும்பாலும் சீனர்கள் தலையில். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வருவதற்கே தடை.

சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சாக்ரமென்டோ தெரு. வோங் கிம் ஆர்க் பிறந்தது அங்கேதான். சீனப் பெற்றோரின் மகன், சமையல்காரர். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியவரை, நீ குடிமகன் இல்லை என்று கரையிறங்க விடாமல் கப்பலிலேயே நிறுத்திவைத்தார்கள். அவர் வழக்காடினார். 1898இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன்தான் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றும் அங்கே குடியுரிமைச் சண்டை கிளம்பினால் முதலில் அடிபடுவது இவர் பெயர்தான்.

கால் வலிக்கவில்லை என்றால், இன்னொரு நாள் படகேறி ஏஞ்சல் தீவுக்குப் போய்வாருங்கள். 1910 முதல் 1940 வரை வந்தவர்களை அடைத்துவைத்து விசாரித்த இடம். மரச்சுவரில் அவர்கள் செதுக்கிய சீனக் கவிதைகளை இன்னமும் படிக்கலாம். படகு நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்; கடைசிப் படகை விட்டால் சிரமம்.

வணக்கம்.