நீங்க பாக்கற "லைவ்" மேட்ச் எப்பவோ முடிஞ்சிடுச்சு!

பிஜிஎம்ஐ, அதாவது போன்ல ஆடற துப்பாக்கிச் சண்டை கேம், அதோட டோர்னமென்ட். ஆட்ட எல்லை சுருங்கிச் சுருங்கி கடைசி சர்க்கிள், ரெண்டே டீம் மிச்சம். கேஸ்டர், அதான் கமென்ட்ரி சொல்றவர், தொண்டை கிழியக் கத்தறார், நீங்க நகத்தைக் கடிக்கறீங்க. அதே நிமிஷம் அந்த கேஸ்டர் என்ன பண்ணிட்டிருப்பார் தெரியுமா? எங்கூட உக்காந்து பை-டூ காபி குடிச்சிட்டிருப்பார். மேட்ச் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு!

வணக்கம் மக்களே, பெங்களூரு அல்சூர்லேருந்து பேசறேன். கேமிங் ஈவென்ட்டுக்கு ஸ்ட்ரீம் போடறதுதான் நம்ம பொழப்பு. மேல சொன்னது ஏமாத்து வேலை இல்ல. வீட்டுலேருந்து ஆடறவன் இன்னொரு போன்ல நம்ம ஸ்ட்ரீமைத் திறந்தா, எதிரி எந்தப் புதர்ல படுத்திருக்கான்னு நாமளே போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். அதான் வேணும்னே பிடிச்சு வச்சு அனுப்பறோம். இதுக்குப் பேர் டிலே.

(திரையில்: ஒயர்க் குவியல்)

கேம் ஓடற திரையை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்ற கேப்சர் கார்டு வழியா படம் வரும், ஓபிஎஸ், வீமிக்ஸ் மாதிரி ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேர் கிராபிக்ஸ் ஒட்டும், சுருக்கி யூடியூபுக்கு அனுப்பும். போர் அடிக்கற பார்ட் ஓவர்.

இப்ப என் ஹீரோ: அப்சர்வர். கேமுக்குள்ள கேமரா பிடிக்கற ஆள். ஜல்லிக்கட்டுல ஒரே வாடிவாசல், காளை எங்கேருந்து வரும்னு கேமராமேனுக்குத் தெரியும். அதே திடல்ல 16 வாடிவாசல் வச்சு, எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்து விடுங்க! 16 டீம், டீமுக்கு 4 பேர், மொத்தம் 64 தலை. முதல் குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே கேமரா அங்க நிக்கணும். லேட்டாப் போனா செத்தவனோட பெட்டிதான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் பதுங்கறவனும் அப்சர்வருக்குத் தெரியும், மேப் முழுக்கத் தெரியும். தெரிஞ்சு என்ன? மேப்புல போச்சின்கிங்கற ஊர்ல ஒரு சண்டை, ஸ்கூல்ங்கற இடத்துல ஒரு சண்டை, எதைக் காட்டறது? அதனாலதான் பெரிய டோர்னமென்ட்ல ரெண்டு மூணு அப்சர்வர் இருப்பாங்க. ஒரு கில் விட்டுப் போனா சாட் பூரா வசவு. ஒண்ணுமே விடலைன்னா, அப்படி ஒருத்தர் இருக்கறதே யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டா, கோப்பை குடுக்கறப்ப அவரையும் மேடைக்குக் கூப்பிடணும். ஒத்துக்கறவங்க ஒரு லைக் போடுங்க.

இன்டர்நெட்? 6 எம்பிபிஎஸ்ல அனுப்பினா மணிக்கு 2.7 ஜிபி. அது பெருசில்ல, நடுவுல அறுபடக் கூடாது, அவ்ளோதான். அதுக்கே ரெண்டு கம்பெனி லைன்.

ஆனா மழை பேஞ்சா கரன்ட் போற ஊராச்சே! ஒரு தடவை கோரமங்களாவுல ஃபைனல்ஸ் நடுவுல போச்சு. யூபிஎஸ் புண்ணியத்துல கம்ப்யூட்டர் எல்லாம் ஜம்முனு ஓடுது, ஸ்ட்ரீமை மட்டும் காணோம். பார்த்தா, ஸ்ட்ரீம் அனுப்பற ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ல சொருகவே இல்ல. சொருக வேண்டியவன் நான்தான்.

காப்பாத்தினது அதே டிலே! ஓபிஎஸ்ல டிலே செட்டிங்குக்குக் கீழ ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. அதைப் போட்டிருந்தா, லைன் திரும்ப வந்ததும் அறுந்த இடத்துலேருந்தே ஓடும், டிலே மட்டும் கூடும். மூணு நிமிஷம் கழிச்சு உயிர் வந்தப்ப ஒரு கில்கூடப் போகலை. கேஸ்டருக்கு அன்னிக்கு ரெண்டாவது காபிக்கும் நேரம் கிடைச்சது.